ஜாம்பி வந்தால் எந்தத் துப்பாக்கி?

ஆல்டர் ஏரி, வட மிச்சிகன்
அக்டோபர் 17, 1993, ஞாயிறு

மார்லீன்,

போன் செய்தால் வைத்துவிடுகிறாய். துறைமுகத்தில் சொல்லி வைத்தால், கப்பல் சமையற்காரம்மா வேலையாக இருக்கிறார் என்று பதில் வருகிறது. கடிதம் என்றால் நடுவில் வெட்டிவிட்டுப் போக முடியாது. கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம். கிழிக்கும் முன் ஒரு தடவை படி.

அப்பா மறுபடியும் ஜாம்பி விளையாட்டு ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பன்னிரண்டு. டிரைவ்-இன் தியேட்டரில் செத்தவர்கள் எழுந்து வரும் படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நான் வழியெல்லாம் அழுதேன். என் அழுகையை நிறுத்தத்தான் அப்பா கேட்டார்: "சரிடா, அவனுங்க நிஜமாவே வர்றானுங்கன்னு வச்சுக்க. நம்ம அலமாரியிலேருந்து ஒரே ஒரு துப்பாக்கிதான் எடுக்கலாம். எது? ஏன்?" அன்றிலிருந்து ஒவ்வொரு நன்றித் திருநாள் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே கேள்வி. வாதத்தில் தோற்றவன் பாத்திரம் கழுவ வேண்டும். இருபது வருடம் யார் கழுவினார்கள் என்று உனக்குத் தெரியும்.

இப்போது அவர் தனியாக விளையாடுகிறார். பொழுது சாயத் தொடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு, நெம்புகோல் வைத்த முப்பது-முப்பது துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலில் உட்கார்ந்துவிடுகிறார். "பாரு, வரிசையா நிக்கிறானுங்க" என்கிறார். அங்கே நிற்பவை பிர்ச் மரங்கள். முதல் நாள் நானும் சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"உங்க பக்கந்தாம்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வானுங்க" என்றார்.

போனில் அவர்கள் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று வயரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். இனி நீ போனை வைக்கவும் வேண்டியதில்லை. நான் மரவாடியில் லீவு சொல்லிவிட்டு அவர் கூடவே இருக்கிறேன். கவுண்டி முதியோர் இல்லத்தில் பிப்ரவரிக்கு முன் இடமில்லை.

அலமாரியில் ஐந்து துப்பாக்கி. அவற்றை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார். துப்பாக்கி விஷயத்தில் அவர் மதிக்கும் ஒரே ஆள் நீ. ஒரு வரி அவருக்கு எழுது.

டுவெய்ன்

*

ஹார்லன் கீன் கப்பல், ஹியூரான் ஏரி
அக்டோபர் 22, வெள்ளி

டுவெய்ன்,

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு பக்கத்தில் வந்து, கயிற்றில் கட்டிய வாளியில் உன் கடிதம் ஏறி வந்தபோது நான் இருபத்தாறு பேருக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கிழிக்கவில்லை. எண்ணெய் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸில் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருடம் இயந்திரம் பழுது பார்த்தவர். அம்மா போய் மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறார். சாயங்காலம் ஜன்னலில் உட்கார்ந்து நாலு வார்த்தை உளறினால் உடனே அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று முத்திரை குத்திவிடுவாயா? அவர் கையில் துப்பாக்கியைப் பார்த்தால் உனக்குத்தான் உதறும். முதல் மானைக் குறிபார்த்த அன்றைக்கு விசையைத் தொடாமல் அழுதுகொண்டு வந்தவன் நீ. அன்றைக்கு அப்பா உன்னைத் திட்டவில்லை, "விடு, அவனுக்கு வராது" என்றார். அதை நீ இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவரிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவதும் காலைப் பிடுங்குவதும் ஒன்றுதான். நான் எழுத மாட்டேன்.

உனக்கு அவ்வளவு பயமென்றால் நீயும் விளையாடு. ஜாம்பிக்கு எது என்று கேட்டால், சின்னத் துப்பாக்கி, இருபத்திரண்டு என்று சொல். தோட்டா எடை குறைவு, ஆயிரம் தோட்டாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம், சத்தம் குறைவு. சத்தம்தான் அவர்களை இழுக்கும். வழக்கம்போல் தோற்பாய். வழக்கம்போல் பாத்திரம் கழுவு.

மார்லீன்

*

ஆல்டர் ஏரி
அக்டோபர் 27, புதன்

மார்லீன்,

நீ மீன் பொரித்து எழுதி முடித்த மறுநாள், சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை என்றால் முற்றத்து அறையில் சவுனா, அந்த நீராவிக் குளியல். எந்த நிலைமையிலும் அது மட்டும் நம் வீட்டில் நின்றதில்லை. மூன்று மணிக்கே அடுப்பு மூட்டினேன். அப்பா முதலில் குளித்துவிட்டு வீட்டுக்குள் போனார். முகமெல்லாம் சிவந்து, நல்ல தெளிவாக, "தண்ணி இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துடா, கல்லு நல்லா காஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். வெளியே பொழுது சாய்ந்து, உறைகிற குளிர். லேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. உடம்பில் ஒரு நூல் துணி இல்லை. தலை முதல் கால் வரை ஆவி பறக்கிறது. சூட்டில் கால் தள்ளாடியது, கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு வந்தேன்.

அரையிருட்டில் ஜன்னலிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

குண்டு என் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் கதவு நிலையில் பாய்ந்தது. மரச்சில்லு கன்னத்தில் குத்தி இன்னும் வீக்கமாக இருக்கிறது. நான் பனியில் குப்புற விழுந்து, "அப்பா, நான்தான், டுவெய்ன்!" என்று கத்தினேன். நெம்புகோல் இன்னொரு தடவை இழுபடும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் அவர் கதவைத் திறந்து, "ஏண்டா இப்படிக் குளிர்ல படுத்துக் கெடக்க? பைத்தியமா உனக்கு?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. சூப் சூடு பண்ணிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

மறுநாள் அவர் தூங்கும்போது ஐந்தையும் வண்டியில் ஏற்றி நம் சாலையிலேயே இருக்கும் லெஸ்டர் நீமி வீட்டில் வைத்தேன். எழுந்தார். அலமாரியைப் பார்த்தார். என்னை அடித்தார், மார்லீன். அப்புறம் செருப்பில்லாமல் சாலையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு மைல் தள்ளிப் பிடித்தேன். "கையில ஒண்ணும் இல்லாம எப்படிடா ராத்திரியைக் கழிக்கிறது? புள்ளைங்க உள்ள இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளைகள் நீயும் நானும்தான். கால்விரல் இரண்டு கறுத்துவிட்டது. ஐந்தையும் திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் கழுத்தில் போட்டிருக்கிறேன். அந்தக் கண்ணாடிக் கதவு உடைய எவ்வளவு நேரமாகும்?

எனக்கு வராது என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை, நீ சொன்னது சரி. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். ஏதாவது ஒன்று அவர் கையில் இருந்தாக வேண்டும். அது சுடக்கூடாது. அப்படி ஒன்று எது, எப்படி என்று சொல்.

டுவெய்ன்

*

ஹார்லன் கீன், டெட்ராய்ட் ஆறு
நவம்பர் 2, செவ்வாய்

டுவெய்ன்,

முன் கடிதத்தில் எழுதியதற்கெல்லாம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

தாத்தா கொண்டுவந்த பழைய ராணுவத் துப்பாக்கியை எடு. மற்ற நாலையும் லெஸ்டரிடம் கொடுத்துவிடு. போல்ட்டை, அதாவது கைப்பிடியோடு முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டை, வெளியே இழுத்து, அதன் உள்ளே இருக்கும் கம்பியை எடுத்தால், நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஊசி மாதிரி ஒரு துண்டு தனியாகக் கழன்று வரும். தோட்டாவின் பின்பக்கத்தை இடிப்பது அதுதான். அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் பழையபடி மாட்டிவிடு. விசையை இழுத்தால் 'டக்' என்று சத்தம் வரும், சுடாது. தோட்டாவையும் மாற்றி வைக்காதே. வெற்றுத் தோட்டாவின் எடை அவருக்குக் கையில் தெரிந்துவிடும்.

இதோடு தனித்தாளில் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். விளையாட்டைத்தான் எழுதியிருக்கிறேன். பகலில், அவர் காப்பி குடித்த பிறகு, சத்தமாகப் படித்துக் காட்டு.

"அப்பா, உங்கள் குட்டி எழுதுகிறேன். அவர்கள் வருகிறார்கள் என்று டுவெய்ன் சொன்னான். ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் எது என்று நானும் கப்பலில் உட்கார்ந்து யோசித்தேன். இருபத்திரண்டு வேண்டாம், ஒருத்தனை விழவைக்க நாலு தடவை சுட வேண்டும். படபடவென்று சுடுகிற புதுசு வேண்டாம், கரி பிடித்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும், நாமே தோட்டாவை வாரி இறைத்துவிடுவோம். முப்பது-முப்பது நல்லதுதான், ஆனால் உங்களுக்கு இடது தோள் வலி, நெம்புகோலை எத்தனை தடவை இழுப்பீர்கள்? இரட்டைக்குழல் பக்கத்தில் வந்தால்தான் உதவும், பக்கத்தில் வரவிட்டால் நாம் தோற்றோம். நான் தாத்தாவுடையதை எடுக்கிறேன். சேற்றிலும் பனியிலும் வேலை செய்யச் செய்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கடை கிடையாது, பட்டறை கிடையாது என்று ஆகிவிட்டால், சமையலறை மேசையில் போட்டு உங்கள் கையாலேயே அக்கக்காய்ப் பிரித்துச் சரிபண்ணக்கூடியது அது ஒன்றுதான். நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள், ரிப்பேர் பண்ணத் தெரியாத துப்பாக்கி வெறும் தடி என்று. வேறு பதில் இருந்தால் சொல்லுங்கள். தோற்றால் பாத்திரம் கழுவுகிறேன். குட்டி."

அந்தக் கடைசிக் காரணத்தை மறுக்க அவருக்கு வாய் வராது.

மார்லீன்

*

ஆல்டர் ஏரி
நவம்பர் 7, ஞாயிறு

மார்லீன்,

நீ ஜெயித்துவிட்டாய்.

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முப்பது-முப்பதுக்காகக் கொஞ்சம் வாதாடினார், தோள் வலி என்றதும் "அதெல்லாம் இல்ல" என்று தோளைச் சுழற்றிக் காட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ரிப்பேர் என்ற இடம் வந்ததும் மேசையில் தட்டினார். "கேட்டியாடா? என் பொண்ணு! அவளுக்குத் தெரியும்." மற்ற நாலையும் நான் வண்டியில் ஏற்றியதை அவரே வாசலில் நின்று பார்த்தார். "லெஸ்டர் பாவம், அவனுக்கும் வேணுமில்ல" என்றார். பார்த்தாயா, ஜாம்பி வந்தால்கூட லெஸ்டருக்குப் பங்கு உண்டு.

ஊசித் துண்டைக் கழற்ற எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எங்கே ஒளித்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. அதனால் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். நீ வைத்துக்கொள்.

மேசையில் செய்தித்தாளை விரித்து ஒரு நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வாடை வீடெல்லாம். பல நாளுக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் இறைச்சி அடைத்த பாஸ்டி செய்தேன், இரண்டு சாப்பிட்டார், உள்ளே டர்னிப் கிழங்கு போதாது என்று குறை சொன்னார். சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

டுவெய்ன்

*

ஆல்டர் ஏரி
நவம்பர் 12, வெள்ளி

மார்லீன்,

அவசரமாக நாலு வரி. எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. இரண்டு நாளாக அப்பா அதிகம் பேசுவதில்லை. முந்தாநாள் காலை போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்றேன். "ஒண்ணுமில்ல, நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி" என்றார். என்னிடம் மரியாதையாகப் பேசினால் அன்றைக்கு நான் யாரென்று தெரியவில்லை என்று அர்த்தம். பழகிவிட்டது.

அன்றைக்கே சாலையோரத் தபால் பெட்டியில், எடுத்துப்போகக் கடிதம் உண்டு என்று காட்டும் சிவப்புக் கொடி தூக்கியிருந்தது. நான் எதுவும் போடவில்லை. காற்றாக இருக்கும், நட்டு தளர்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை மான் சீசன் ஆரம்பம். லெஸ்டரும் அவன் மனைவியும் காட்டுக் கேம்புக்குக் கிளம்பிவிட்டார்கள். இந்தச் சாலையில் இனி நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

டுவெய்ன்

*

ஹார்லன் கீன், சூ மதகுக்குக் கீழே நங்கூரத்தில்
நவம்பர் 14, ஞாயிறு

டுவெய்ன்,

இதைக் கையில் எடுத்ததும் முதலில் போய் இதைச் செய், அப்புறம் மிச்சத்தைப் படி. துப்பாக்கிக் கட்டையின் அடியில், தோளில் வைக்கும் பக்கத்தில், இரும்புத் தகடு இருக்கும். இரண்டு திருகு. அதைக் கழற்று. உள்ளே அப்பாவே குடைந்த ஒரு பொந்து. அதில் எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னொரு ஊசி இருக்கிறது.

எனக்கு எப்படி மறந்தது? உன் கவர் புதன்கிழமை கிடைத்தது. ஊசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இன்றைக்கு டப்பா திறக்கும் கருவியின் பிளேடு உடைந்தது. கை தானாக இழுப்பறைக்கு அடியில் போனது. அங்கே மாற்று பிளேடை ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தச் சாமானுக்கும் மாற்று உறுப்பை அதன் உடம்பிலேயே ஒளித்து வைக்க வேண்டும் என்பது அப்பாவின் பழக்கம். ரம்பத்தின் கைப்பிடியில் ஒரு பல், டிராக்டர் இருக்கைக்குள் ஒரு பெல்ட். பிளேடைக் கையில் பிடித்ததும் எனக்கு அந்தத் துப்பாக்கிக் கட்டை ஞாபகம் வந்தது.

அவர் கையாலேயே சரிபண்ணலாம் என்று நான்தான் ஆசை காட்டி அதை எடுக்க வைத்தேன். ஒரு நாள் முழுக்கப் பிரித்துத் துடைத்தார் என்று நீ எழுதியிருக்கிறாய். ஊசி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்து அவர் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

மதகு தாண்டியதும் வரும் மேல் ஏரியில் புயல். பதினோரு கப்பல் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கிறது. ரேடியோ போனில் யாரைக் கூப்பிடுவது? வீட்டில் போன் இல்லை. லெஸ்டர் காட்டுக்குப் போயிருப்பான், நாளைக்கு ஊரே காட்டில்தான் இருக்கும். ஷெரிப்பைக் கூப்பிட எண்ணைக்கூட எடுத்தேன். அப்புறம் யோசித்தேன், விளக்கு சுழலும் வண்டி முற்றத்தில் வந்து நிற்கிறது, நாலு பேர் இறங்குகிறார்கள், அப்பா ஜன்னலில் இருக்கிறார். யாராவது ஒருவர் சாவது நிச்சயம். வைத்துவிட்டேன்.

மதகில் தபாலில் கொடுக்கிறேன். புதன் அல்லது வியாழன் வந்துவிடும். அதுவரை சாயங்காலத்தில் வெளியே போகாதே. போனால், வீட்டுக்குள் வரும்போது பெயரைச் சொல்லிக்கொண்டே வா. சவுனா வேண்டாம்.

மார்லீன்

*

ஆல்டர் ஏரி
நவம்பர் 16, செவ்வாய்

மார்லீன்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நேற்று விடிந்ததிலிருந்து காட்டில் வெடிச் சத்தம். வருஷா வருஷம் கேட்பதுதான். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கினார். "ஆரம்பிச்சிட்டானுங்க" என்றார். "மான் சீசன்பா" என்றேன். "எனக்குத் தெரியாதா மான் சீசன்?" என்று கத்தினார். மதியம் சாப்பிடவில்லை. நாற்காலியைச் சமையலறை நடுவில் வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

நாலே முக்கால் மணிக்கு விறகுப் பெட்டி காலி. அடுப்பு அணைந்தால் அவருக்கு ஆகாது. கொட்டகைக்குப் போய் ஒரு சுமை விறகைக் கையில் அடுக்கிக்கொண்டு வந்தேன். முகம் மறைகிற அளவுக்கு அடுக்கியிருந்தேன், அது என் தப்பு. இரண்டு கையிலும் விறகு, காலால் கதவை உதைத்துத் திறந்தேன்.

நான் அண்ணாந்து விறகுக்கு மேலே பார்த்தபோது குழல் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஆறடி தூரம். அவர் கை நடுங்கவே இல்லை, மார்லீன். கண்ணில் பயமோ கோபமோ ஒன்றுமில்லை. ஆணி அடிக்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

விசையை இழுத்தார்.

டக்.

போல்ட்டை இழுத்துத் தள்ளினார். ஒரு தோட்டா தரையில் விழுந்து உருண்டு என் பூட்ஸில் வந்து முட்டியது. நிஜத் தோட்டா. மறுபடி இழுத்தார். டக். மறுபடி போல்ட்டுக்குக் கை போனது.

"நான் தோத்துட்டேம்பா" என்றேன். "நான் பாத்திரம் கழுவுறேன்."

கை நின்றது. குழல் மெதுவாகக் கீழே இறங்கியது. என்னையே பார்த்தார். "வெந்நீர் வச்சிருக்கியா?" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன். "அப்ப கழுவு. அடி புடிச்ச சட்டியை நல்லாத் தேய்" என்றார். விறகை இறக்கிவிட்டு, அழுக்கே இல்லாத பாத்திரத்தை எல்லாம் எடுத்து ஒரு மணி நேரம் கழுவினேன். அவர் பின்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

நீ சொன்னபடி ஊசியை எடுத்தது என் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் என்னால் இனி முடியாது. விசையை இழுத்துவிட்டார். குண்டு வரவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

டுவெய்ன்

*

ஆல்டர் ஏரி
நவம்பர் 18, வியாழன்

மார்லீன்,

உன் கடிதம் இன்று வந்தது. தகட்டைக் கழற்றினேன். எண்ணெய்த் துணி இருக்கிறது. ஊசி இல்லை.

துணியில் அதன் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. போல்ட்டைப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. அவருடைய சட்டைப் பை, மெத்தை, காப்பி டப்பா, கருவிப்பெட்டி எல்லாம் தேடிவிட்டேன். எங்கேயோ வைத்திருக்கிறார். எந்த நிமிடம் ஞாபகம் வந்து எடுத்து மாட்டுவார் என்று தெரியவில்லை. கேட்டேன். "எந்த ஊசி? தையல் வேலையெல்லாம் உங்க அம்மாகிட்ட கேளு" என்றார்.

துப்பாக்கியை எடுத்துவிட்டால் திரும்பவும் பனியில் இறங்கி நடப்பார். விட்டுவைத்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். என் அறைக் கதவுக்கு உட்பக்கம் துணி அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே அவர் நடக்கிற சத்தம் கேட்கிறது.

டுவெய்ன்

*

ஹார்லன் கீன், டெட்ராய்ட் ஆறு
நவம்பர் 21, ஞாயிறு

டுவெய்ன்,

அலமாரியை நகர்த்திவிட்டு வெளியே வா. ஊசி என்னிடம் இருக்கிறது.

இன்று வாளியில் ஒரே கட்டாக நாலு கவர். மூன்று உன்னுடையவை. நாலாவதைப் பார்த்ததும் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். முகவரி அம்மாவின் கையெழுத்து. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நான் கப்பலில் சேர்ந்தபோது, அப்பாவுக்கு ஸ்பெல்லிங் வராது என்று அம்மா ஒரு கட்டுக் கவர்களில் என் முகவரியை எழுதி வைத்தாள். அதில் மிச்சம் இருந்திருக்கிறது. நவம்பர் பத்தாம் தேதி முத்திரை. நீ கொடி காற்றில் தூக்கிக்கொண்டது என்று நினைத்த அன்றைக்கு.

உள்ளே எண்ணெய் மினுக்கும் ஊசி, பழைய நாட்காட்டித் தாளில் சுற்றி. தாளின் பின்பக்கம் அப்பா பென்சிலால் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன். அதற்கு முன் நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

போன கிறிஸ்துமஸில் நான் உன்னோடு சண்டை போட்டுப் போனது அப்பாவைப் பற்றி நீ சொன்ன வார்த்தைக்காக இல்லை. அன்று காலை அப்பா என்னிடம், "நீங்க யாருங்கம்மா? என் பொண்ணு வர்ற நேரம்" என்றார். அதை உன்னிடம் சொன்னால் நிஜமாகிவிடும் என்று உன்னைத் திட்டிவிட்டு ஓடிவந்தேன். இந்த முறை சூ மதகில் கரைக்கு ஏணி போட்டிருந்தார்கள். அங்கிருந்து வீடு மூன்று மணி நேரம். ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கடிதத்தை மட்டும் கொடுத்தேன். நீ அங்கே குழலுக்கு முன்னால் நின்ற அன்றைக்கு நான் இங்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உனக்கு வராது என்று அவர் சொன்னது உனக்கு இல்லை, எனக்குச் சேர வேண்டியது.

நாளை கிளீவ்லாந்தில் இறங்குகிறேன். கேப்டனிடம் சொல்லிவிட்டேன், வேறு சமையல்காரர் வரும் வரை அவர்களே வேகவைத்துக்கொள்ளட்டும். பஸ் பிடித்தால் புதன் மாலைக்குள் வந்துவிடுவேன். வியாழன் நன்றித் திருநாள். சாலையிலிருந்தே என் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவருக்குத் தெரியவில்லையென்றால், பாத்திரம் கழுவ வந்தவள் என்று சொல்.

அப்பா எழுதியது இது:

"குட்டி, இத நீ வச்சுக்க. துப்பாக்கியில இருந்தத யாரோ எடுத்துட்டாங்க, நல்லதுதான். இதயும் இங்க வைக்க எனக்குப் பயமா இருக்கு. பொழுது சாஞ்சா எனக்கு ஆள் முகம் தெரியல. வீட்டுல ஒரு ஆள் இருக்கான். சமைச்சுப் போடுறான், விறகு சுமக்குறான், நான் கத்தினாலும் பொறுத்துக்குறான். யாருன்னு தெரியல. ஆனா நல்லவன். அவனச் சுட்டுடக் கூடாது. டுவெய்ன்கிட்ட சொல்லாத, அவன் பயப்படுவான். அப்பா."

மார்லீன்